பொட்டு வைக்காத மெஷின்

திருப்பூர் மண்ணரைப் பக்கம் யாராவது கல்யாணத்துக்கு மண்டபம் பேசிவிட்டு வந்தால், அக்கம்பக்கத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். "எல்லாஞ் செரி, பொட்டு வெக்காதது ஒண்ணு இருக்குதுங்களா?" புதிதாக வந்தவர்களுக்கு இது புரியாது. நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டவர்கள்கூட உண்டு. பொருள் ஒன்றும் பெரிதில்லை. நினைத்தது நடக்காமல் போனால் உதவிக்கு வேறொன்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறாயா என்பதுதான். ஒரே பஸ்ஸை நம்பிக் கிளம்புகிறவரிடமும் கேட்பார்கள். ஒரே கம்பெனியில் மட்டும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்பார்கள்.

இந்தப் பேச்சு எப்படி வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கோயிலில் ஒரு கிடாய்க்குப் பொட்டு வைக்காமல் விட்டார்களாம், அதிலிருந்து வந்ததாம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அது ஒரு தையல் மெஷின். அதன் சொந்தக்காரி பூவாத்தாள். நான் அந்தப் பனியன் கம்பெனியின் முதலுதவி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். நடந்தது என் அறை வாசலில். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பூவாத்தாள் பொங்கலூர்ப் பக்கத்துக்காரி. நல்லானைக் கட்டிக்கொண்டு மண்ணரைக்கு வந்தாள். நல்லான் சாயப்பட்டறையில் இருந்தார். இவள் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள். தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலை. வெட்டிக்கொண்டே பக்கத்து மெஷினைப் பார்த்தாள். பிறகு டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி ஆனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், காலியாக இருக்கும் மெஷினில் வேஸ்ட் துணியை வைத்து ஓட்டிப் பார்த்தாள். ஓவர்லாக் மெஷின் கைக்கு வந்தது. பேட்லாக் வந்தது. காஜா வந்தது. எதுவும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை.

தைக்கிற இடத்தில் ஒருவர் தோளைச் சேர்ப்பார், ஒருவர் கழுத்தை வைப்பார், ஒருவர் அடியை மடிப்பார். துணி கை மாறிக்கொண்டே போகும். நடுவில் ஓர் ஆள் வரவில்லை என்றால் அவருக்குப் பின்னால் இருக்கிற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பூவாத்தாளுக்கு எல்லா மெஷினும் தெரியும் என்றானதும் கம்பெனியில் அவளை மாத்தாளாக வைத்துக்கொண்டார்கள். காலையில் வளைகாப்புக்குப் போனவளின் இடத்தில் இருப்பாள். மத்தியானம் காய்ச்சல்காரனின் இடத்தில் இருப்பாள். காய்ச்சல்காரன் என் அறையில் படுத்திருப்பான்.

வேலைதான் இப்படி என்றால் வீட்டிலும் அவள் அப்படித்தான். கேஸ் அடுப்பு வந்த பிறகும் விறகடுப்பை மெழுகி வைத்திருந்தாள். குழாய்த் தண்ணீர் பிடித்த கையோடு பக்கத்துத் தெரு போரிங் தண்ணீரும் ஒரு குடம் கொண்டுவந்து வைப்பாள். மகள் அனிதாவின் கல்யாணத்துக்கு, ஒரு பூக்காரர் வராவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேரிடம் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். அன்றைக்கு மண்டபத்தில் சமையல்காரர் காதில்கூடச் சம்பங்கி இருந்தது.

ஏன் இப்படி என்று ஒரு முறை கேட்டேன். எங்கள் அப்பன் விதைக்கப் போகும்போது ஒரு கூடை விதையை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போவார், முதல் மழை ஏமாற்றினால் இரண்டாவது மழைக்கு வேண்டுமே என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பெரிய தத்துவம் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஊசி போட ஒரு கையில் நரம்பு கிடைக்காவிட்டால் மறு கையைக் கேள் என்றுதான் எனக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். திருப்பூரில் அது கம்பெனிகளின் திருவிழா. ஆளாளுக்குத் தான் ஓட்டும் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சுற்றி நிறுத்துவார்கள். வீட்டு ஆட்கள் பட்டுடுத்தி வந்து பார்ப்பார்கள். என் மெஷின் இது, இதில்தான் நான் தைக்கிறேன் என்று காட்டுவதில் எல்லோருக்கும் ஒரு பெருமை. கழுத்து வைக்கிற ராபின் தூத்துக்குடிப் பக்கம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் மெஷின்தான் வருடா வருடம் சீரியல் லைட்டோடு மின்னும். பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் பூஜை முடிகிற வரைக்கும் அந்த மெஷினை ஓட்டக் கூடாது. அதற்கு அன்றைக்கு ஓய்வு.

பூவாத்தாளுக்கு என்று ஒரு மெஷின் கிடையாது. எல்லா மெஷினும் தெரிந்தவளுக்கு எதுவும் சொந்தமில்லை. அந்த நாளில் மற்றவர்களுக்குச் சந்தனம் குழைத்துக் கொடுப்பாள். ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். லாரி கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஒரே ஒரு மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடுங்கள் என்பாள். சரக்கில் ஏதாவது குறை தெரிந்தால் எதில் தைப்பது என்று கேட்பாள். சிரிப்பார்கள். ஆனாலும் சுவரோரம் ரிப்பேராகிக் கிடக்கும் மெஷின் ஒன்று எப்போதும் இருந்ததால், அதை விட்டுவிட்டு அவள் மனத்தைச் சமாதானப்படுத்துவார்கள். ரிப்பேர் மெஷினில் எப்படித் தைப்பாய் என்று நான் கேட்டதற்கு, அது அவ்வளவு ரிப்பேர் இல்லை, நான் பார்த்து வைத்திருக்கிறேன் என்றாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆவணியில் அனிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரதீப் வெள்ளகோவில். அவனுடைய அம்மா மருதாள், வாய் ஓயாத பெண்பிள்ளை. கெட்டவள் இல்லை, நாக்கில் வந்ததை விழுங்கத் தெரியாதவள். விருந்துக்கு வந்த இடத்தில் சம்பந்தியின் வேலையைப் பற்றி விசாரித்தாள். நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க சம்பந்தி, நீங்க எந்த மிசின்ல தெக்கறீங்க?"

"எல்லாத்துலயுந்தானுங்க."

"அப்ப உங்களுக்குன்னு ஒண்ணு இல்லீங்களா? எங்கூட்டு எருமைக்குக்கூடச் சொந்தமா ஒரு கட்டுத்தறி இருக்குதுங்க."

பந்தியே சிரித்தது. பூவாத்தாளும் சிரித்துக்கொண்டே அவளுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். ஆனால் அடுத்த வாரமே முதலாளி ரத்தினசாமியிடம் போய் நின்றாள். குடோனில் வேஸ்ட் மூட்டைக்கு அடியில் ஒரு கால்மெஷின் கிடந்தது. கம்பெனி தொடங்கிய காலத்தில் காலால் மிதித்து ஓட்டியது. அதை எனக்குக் கொடுங்கள், ஒரு மூலையில் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டாள். எதற்கு என்றார். ஆயுத பூஜைக்கு என்றாள். ரத்தினசாமிக்குப் புரிந்ததா இல்லையா தெரியாது, எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

என் அறை வாசலில், ஜன்னலோரமாகத்தான் அதைப் போட்டாள். துருவைத் தேய்த்தாள். புதிய தோல்பெல்ட் வாங்கி மாட்டினாள். எண்ணெய் குடிக்கக் கொடுத்தாள். கால்பலகை கடகடவென்று ஆடத் தொடங்கிய நாள் ராபின் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "யக்கா, இத மிதிச்சே தூத்துக்குடிக்குப் போயிரலாம் போலுக்கே" என்றான். பூவாத்தாள் அவனை ஏறி உட்காரச் சொன்னாள். அவனுக்கு மிதிக்க வரவில்லை. சக்கரம் பின்னால் சுற்றி நூலை அறுத்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவனை எல்லோரும் ஓட்டினார்கள்.

அந்த வருடம் ஆர்டர் கொட்டியது. புது ஆட்களைச் சேர்த்தார்கள். சுவரோரம் கிடந்த மெஷினையும் மெக்கானிக் சரிசெய்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். ஆயுத பூஜை அன்று மத்தியானம்தான் சரக்குப் பெட்டிகளை ஒட்டி முடித்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரி வாழைக்கன்று கட்டி வாசலில் நின்றது. டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. உள்ளே பொட்டு வைக்கிற மும்முரம். மெஷின்கள், அயர்ன் பாக்ஸ், ஜெனரேட்டர், மெயின் சுவிட்சு வரைக்கும் வைத்தார்கள். கத்தரி, இஞ்ச் டேப், ஊசி டப்பா எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் தட்டில் போய்ச் சேர்ந்தன.

பூவாத்தாள் வழக்கம்போல ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தாள். லாரி இன்னும் கிளம்பவில்லை, ஒருவர் மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்றாள். யாரும் கோபப்படவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பக்கத்து மெஷினைக் கை காட்டினார்கள். அந்தப் புதிய பெண்ணிடம் கேட்க இவளுக்கே மனம் வரவில்லை. முதல் பூஜை, அவள் அம்மா ஒச்சாயி உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

ஆக, மீதி இருந்தது கால்மெஷின் ஒன்றுதான். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள், வெளியே லாரியைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை என் மருந்து அலமாரிமேல் வைத்துவிட்டு, வெறும் துணியால் மெஷினைத் துடைக்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளகோவிலிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அனிதா, பிரதீப், அரக்குப் பட்டில் மருதாள். வரிசையாக மின்னுகிற மெஷின்களைப் பார்த்துக்கொண்டே வந்து, மொட்டையாக நின்ற இதற்கு முன்னால் நின்றார்கள். அனிதாவின் முகம் விழுந்துவிட்டது.

"ஏம்மா, உன்ற மிசினுக்கு மட்டும் ஒண்ணுமே வெக்கல? அத்தை இதைப் பாக்கோணும்னே வந்திருக்காங்க."

"லாரி போவுட்டும் கண்ணு. அப்பறம் வெக்கறேன்."

மருதாள் சும்மா இருப்பாளா. "போன மாசம் மிசின் இல்லீங்க. இந்த மாசம் மிசினுக்குப் பொட்டு இல்லீங்க. அடுத்த மாசம் என்னத்தைங்க பாக்க வரோணும்?" என்றாள்.

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த முறை பூவாத்தாள் சிரிக்கவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். ஒரு சொட்டுச் சந்தனம் வைத்தால் தீர்ந்தது என்று என் வாயில் வந்தது. அவள் வைக்கமாட்டாள் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை.

பிறகு நடந்தது மிகச் சாதாரணமான ஒன்று. பேக்கிங் பகுதியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயம்மாள், மேசைக்கு அடியிலிருந்து சின்னக் கட்டு ஒன்றை எடுத்து, இது குப்பைக்கா என்று சூப்பர்வைசர் பழனிமுத்துவிடம் நீட்டினாள். அவை சைஸ் லேபிள்கள். பனியனின் கழுத்துக்கு உள்ளே தைக்கிறவை. பீஸுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுத்தவை. லேபிள் மிச்சம் என்றால் லேபிள் இல்லாத பனியன் எங்கோ பெட்டிக்குள் இருக்கிறது என்று பொருள். பழனிமுத்து லாரிக்கு ஓடினார். கடைசியாக ஏற்றிய பெட்டிகளை இறக்கிப் பிரித்தார்கள். ஒரு பெட்டி முழுக்கக் குழந்தைகள் போடும் வெள்ளைப் பனியன். எதிலும் லேபிள் இல்லை. பூஜைக்கு மெஷினைத் துடைக்கிற அவசரத்தில் அந்தப் பனியன் கட்டு லேபிள் தையலுக்கே போகாமல் நேராகப் பேக்கிங்குக்குப் போய்விட்டது.

மறுநாள் காலைக்குள் சரக்கு துறைமுகத்தில் இருக்க வேண்டும். பழனிமுத்து உள்ளே வந்து, யாராவது ஒருவர் பூவை எடுத்துவிட்டு மெஷினைப் போடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது என்றார். எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். ராபின்தான் பதில் சொன்னான்.

"சாமி விசயம் இருக்கட்டும்ணே. ஊசி எறங்குற எடம் வரைக்கும் குங்குமம் போயிருக்கு. நா எண்ணெயில வேற கொழச்சு வச்சிருக்கேன். வெள்ளத் துணிண்ணே. ஒரு பொட்டு ஒட்டுச்சுன்னா பெட்டியத் திருப்பி அனுப்பிருவான்."

அது சரிதான். துடைத்தால் போகிற குங்குமமா அது? ரத்தினசாமி பக்கத்துக் கம்பெனிக்கு ஆள் அனுப்பினார். அங்கேயும் இதே கதை. எதிர்க் கம்பெனியில் பூஜை முடிந்து பூட்டிவிட்டுப் போயே விட்டார்கள். குழந்தைகள் பொரியைப் பார்த்துக்கொண்டு நின்றன. பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது என் அறை வாசலில் கடகடவென்று சத்தம் கேட்டது. பூவாத்தாள் கால்மெஷினில் உட்கார்ந்து, வேஸ்ட் துணியில் ஒரு வரி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"இது சுத்தமா இருக்குதுங்க மொதலாளி. பெட்டியக் கொண்டாங்க" என்றாள்.

லேபிளுக்கு ஒரு நேர்த்தையல் போதும். அதற்கு இந்த மெஷின் தாராளம். மெயின் சுவிட்சுக்குப் பொட்டு வைத்திருந்தாலும் அதற்குத் தடையில்லை, கரண்டே வேண்டாம். ஆனால் ஒருவர் பனியனைத் திருப்பிக் கழுத்தை விரித்துக் கொடுக்க வேண்டும், ஒருவர் தைத்ததை வாங்கி மடிக்க வேண்டும். கைமடிப் பெண்கள் எல்லோரும் கழுவினாலும் சிவப்புப் போகாத குங்குமக் கையோடு நின்றார்கள். பூவாத்தாள் சுற்றிலும் பார்த்தாள். சுத்தமான கை ஒன்று கண்ணில் பட்டது.

"ஏனுங்க சம்பந்தி, நிக்கற நேரத்துக்கு இதையத் திருப்பி விரிச்சுக் குடுக்கலாமுங்களா?"

மருதாள் ஒரு கணம் தன் பட்டுச் சேலையைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பனியனைத் தப்பாகத் திருப்பினாள். இரண்டாவதையும் தப்பாகத் திருப்பினாள். பூவாத்தாள் ஒரு முறை செய்து காட்டினாள். அதற்குப் பிறகு அந்த அம்மாளின் கை வாய்க்குச் சமமாக ஓடியது. லேபிள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தது நான். என் கை எப்போதும் சுத்தம். நூலை அறுக்கக் கத்தரி இல்லை, எல்லாம் சாமி தட்டில். ராபின் பல்லால் கடிக்க வாயைக் கொண்டுவந்தான். பூவாத்தாள் அவன் நெற்றியைத் தள்ளிவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு நூல்வெட்டியை எடுத்து அனிதாவிடம் கொடுத்தாள். அவள் நூலை வெட்டி மடித்து வைத்தாள்.

கூட்டம் சுற்றிக்கொண்டது. பட்டும் பூவும் பொட்டுமாக அத்தனை பேர், நடுவில் ஒரு மொட்டை மெஷின். ரத்தினசாமி கைகட்டி நின்று பார்த்தார். ஒவ்வொரு பனியனும் மடிந்து பெட்டிக்குள் விழுந்தபோது குழந்தைகள் கைதட்டத் தொடங்கின. பிறகு பெரியவர்களும் தட்டினார்கள். பூவாத்தாளுக்கு வேர்த்து ஊற்றியது. மிதியை நிறுத்தவில்லை. கடைசிப் பனியன் போனதும் பழனிமுத்து பெட்டியை ஒட்டித் தானே தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. லாரி கேட்டைத் தாண்டியது.

"மிதிச்சே தூத்துக்குடிக்கு அனுப்பிட்டியளேக்கா" என்றான் ராபின்.

எல்லோரும் திரும்பினார்கள். ரத்தினசாமி என் அலமாரிமேல் இருந்த சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்து நீட்டினார். "இப்ப வெக்கலாமுங்களா பூவாத்தா?" என்றார்.

கொஞ்சம் இருங்கள் என்றாள். முதலில் மெஷினில் படிந்திருந்த பஞ்சை ஊதித் துடைத்தாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். பிறகுதான் சந்தனம், அதன்மேல் குங்குமம். சக்கரத்துக்கு ஒன்று, கால்பலகைக்கு ஒன்று, ஊசிக்கு நேர்மேலே பெரியதாக ஒன்று. பூ எல்லாம் தீர்ந்துபோயிற்றே என்று அனிதா கவலைப்பட்டாள். பூவாத்தாள் மெஷினின் டிராயரை இழுத்தாள். ஈரத்துணியில் சுற்றிய வாழையிலைப் பொட்டலம். சம்பங்கி. மருதாளுக்கு மண்டபம் நினைவுக்கு வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பூவைச் சுற்றியதும் அவள்தான்.

அந்த வருடம் முதலாவது தீபாராதனை கால்மெஷினுக்கு. அடுத்த வருடம் பெரிய சண்டை. என் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் விடு, இல்லை என் மெஷினுக்கு விடு என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். ராபின் தன் மெஷினை விட்டே தீருவேன் என்று ஒரு நாள் முன்னாலேயே துணி போட்டு மூடி வைத்தான். முன் வருடம் என் மெஷினை விடமாட்டேன் என்றவர்கள் இவர்கள்.

பேச்சு எப்படி வந்தது என்பதைச் சொல்லவில்லையே. அது பூஜை நாளன்றே நடந்தது. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மருதாளுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. நேரமாகிவிட்டதே, பூஜைக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாதே என்றாள். வெள்ளகோவிலுக்கு நூல் ஏற்றப் போகும் வேன் ஒன்றுக்குக் காலையிலேயே சொல்லி வைத்துவிட்டேன், இங்கேயே வந்து ஏற்றிக்கொள்ளும் என்றாள் பூவாத்தாள். மருதாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பெனி வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"அந்த வேனும் வரலீன்னா? அதுக்கும் பொட்டு வெக்காதது ஒண்ணு இருக்குதுங்களா சம்பந்தி?"

"எங்கூட்டுல பாய் விரிச்சு வெச்சிருக்குதுங்க."

வாசலே சிரித்தது. அந்தக் கேள்வியை அன்றைக்கே ராபின் எடுத்துக்கொண்டான், மறுநாள் கம்பெனி எடுத்துக்கொண்டது, அந்த மாதத்துக்குள் மண்ணரை எடுத்துக்கொண்டது.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. பிரதீப் ஏறினான். மருதாள் ஏறவில்லை. விரித்த பாயை வீணாக்கக் கூடாது என்று சொல்லி, மருமகளையும் இழுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு நடந்துவிட்டாள். போகிற வழியெல்லாம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், எங்கள் சம்பந்தியின் மிசினைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போனாள்.